நான் மீசை வைத்த நாலு பெண்கள்

அன்பு மகள் ஜெமீலாவுக்கு, சிவகாசி அச்சுலகின் கழுகுக் கண்ணன், பிழை கண்டால் பாயும் புலி, உன் அத்தா எழுதுகிறேன். சலாம். உன் அம்மா சுகம். நான் சுகம். விருதுநகர் வெயில் எங்கள் இரண்டு பேரையும்விடச் சுகமாக இருக்கிறது. நேற்று மொட்டைமாடியில் காயப்போட்ட வடகம் தானாகக் காய்ந்து, தானாகப் பொரிந்து, எண்ணெய்க்குக் காத்திராமல் ஆகாரமாகிவிட்டது. பினாங்கில் தினமும் மழை என்கிறாய். ஒரு நாள் மழையைப் பார்சல் கட்டி அனுப்பு. சுங்கத்தில் பிடித்தால் என் பேரைச் சொல்.

போன வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வந்து உட்கார்ந்தேன், உன் போன் வந்தது. உன் மகள் கண்மைப் பென்சிலை எடுத்துச் சுவர் முழுக்க ஒரு யானையை வரைந்துவிட்டாள் என்று சிரித்தாய். "கையில குடுக்க வீட்ல ஒரு பிரஷ்கூடக் கெடையாதுத்தா. நான் பிரஷ் தொட்டே நாலு வருசமாச்சு" என்றாய். அதையும் சிரித்துக்கொண்டேதான் சொன்னாய். நானும் சிரித்தேன், போனே தேவையில்லாமல் கடல் தாண்டிக் கேட்கிற மாதிரி. போனை வைத்த பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. உன் அம்மா பிரியாணிச் சட்டியை முன்னால் வைத்தும் இரண்டே தட்டோடு எழுந்துவிட்டேன். அவள் பயந்துபோய் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

மறுநாள் கம்பெனிக்குப் போனால், என் மேஜையில் நாலு வருசத்துக்கு முன்னால் பிலிம் போட்டுவைத்த அந்தப் பழைய கவர் உட்கார்ந்திருக்கிறது. அந்தச் சீட்டுக்கட்டு ஆர்டர் மறுபடி வந்திருக்கிறதாம். அந்தக் கவரையும் உன் சிரிப்பையும் அடுத்தடுத்த நாளில் தாங்குகிற அளவுக்கு என் நெஞ்சு அகலமில்லை. அந்தக் கதையில் உனக்குப் பாதி தெரியும். மீதிப் பாதியை நான் விழுங்கி வைத்திருக்கிறேன். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். முதலில் உனக்குத் தெரிந்த பாதியைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நடந்ததை நான் எப்படிப் பார்த்தேன் என்று உனக்குத் தெரியாது.

என் கண்ணைப் பற்றி நானே புகழ்ந்துகொள்ளக் கூடாது, வேறு யாரும் புகழாததால் நானே செய்யவேண்டியிருக்கிறது. ஓவியர் வரைந்த படம் மிஷினில் ஏறுவதற்கு முன்னால் அதில் ஓட்டை உடைசல் இருந்தால் கண்டுபிடித்துச் சரிசெய்வது என் வேலை. ஒருமுறை காலண்டர் படம் ஒன்றில் லட்சுமியின் வலது கையில் ஆறு விரல் இருந்ததை நான்தான் பிடித்தேன். ஓவியர் பார்க்கவில்லை, முதலாளி பார்க்கவில்லை, படத்துக்குப் பூப்போட்டுக் கும்பிட்ட மிஷின்மேன் செல்லையாவும் பார்க்கவில்லை. நான் பிரஷை எடுத்து அந்த ஆறாவது விரலைத் தாமரை இதழாக மாற்றினேன். அன்றிலிருந்து என் மேஜைக்கு வருகிற படத்தில் பிழை இருந்தே தீரும் என்பது என் நம்பிக்கை. இல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. அக்கம்பக்கத்து ஊர்களின் பட்டாசு லேபிள், காலண்டர், தீப்பெட்டிப் படம், கிளி ஜோசியக்காரர் சீட்டு என்று அத்தனையும் என் பிரஷைத் தொட்டுவிட்டுத்தான் உலகத்துக்குப் போயிருக்கின்றன.

அதில் நான் அதிகம் பார்த்தது சீட்டுக்கட்டு. ஆடுவதற்குத் தொட்டதில்லை, அல்லாஹ் அறிவான். ஆனால் சீட்டில் இருக்கிற குடும்பத்தை என் குடும்பத்தைவிட நன்றாகத் தெரியும். ராஜா நாலு, ராணி நாலு, ஜாக்கி நாலு. பன்னிரண்டு பேரில் எட்டு ஆண், நாலு பெண். ராணி கையில் ஒரு பூ. ராஜா கையில் கத்தி. அதுவரை இருபத்தெட்டு வருசமாக அந்தப் பூவைக் கழுவித் துடைத்து நிறம் கொடுத்திருந்தேன், ஒரு நாளாவது அவள் அதைக் கீழே வைத்துவிட்டு வேறு எதையாவது எடுப்பாள் என்று எனக்குத் தோன்றியதில்லை. வெளிநாட்டுக்காரர்கள் குறி பார்க்கிற டாரட் சீட்டில் இன்னும் மோசம். எழுபத்தெட்டுச் சீட்டு, அதில் அரண்மனைச் சீட்டு பதினாறு. ராஜா, ராணி, குதிரைவீரன், சேவகன் என்று நாலு நாலு. பன்னிரண்டு ஆணுக்கு நடுவில் நாலு பெண் பிள்ளைகள் உட்கார்ந்திருப்பார்கள். நான் சொல்லவந்த ஆர்டருக்கு முன் இரண்டு தடவை அந்த மாதிரிக் கட்டு அடித்திருந்தோம். எனவே டாரட்டில் நான் பண்டிதன்.

அந்தப் பண்டிதன் மேஜைக்குத்தான் ஒரு சனிக்கிழமை அந்தப் படங்கள் வந்தன. எங்கோ வெளிநாட்டில் ஒரு ஓவிய அம்மா, வாட்டர் கலரில் தன் கையால் வரைந்து அனுப்பிய அசல் படங்கள். கூடவே இங்கிலீஷில் ரெண்டு பக்கம் விளக்கம். விளக்கத்தை நான் படிக்கவில்லை. ஏன் படிக்கவேண்டும்? படம் பார்க்கத் தெரிந்தவனுக்கு எழுத்து எதற்கு? அரண்மனைச் சீட்டுகளைப் பரப்பினேன். வாள், கோப்பை, கோல், காசு என்று நாலு ஜாதி. ராஜா சரி. ராணி சரி. சேவகன் சரி. குதிரைவீரனுக்கு வந்தேன், உடனே என் கழுகுக் கண் பிடித்துவிட்டது. நாலு பேருக்கும் மீசை இல்லை!

"ஏலே செல்லையா, இங்கன வா. இந்தம்மா நாலு பேருக்கும் மீசை வைக்க மறந்திருக்காலே."

செல்லையா கையில் மையோடு வந்து எட்டிப் பார்த்தான். "மூஞ்சி ஒரு மாதிரி பொம்பள மூஞ்சியாத் தெரியுதே பாய். தலைமுடி வேற கெடக்கு."

"குதிர மேல பொம்பள எங்கலே உக்காருவா? பழைய நாடகத்துல ராஜபார்ட்டுக்கு முடி இல்லையா, கடுக்கன் இல்லையா?"

"அதுவும் சரிதான். நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும். போட்டுருங்க."

போட்டேன். ஜீரோ நம்பர் பிரஷால் கறுப்பு போஸ்டர் கலரைத் தொட்டு, நாலு பேருக்கும் நாலு விதமான மீசை போட்டேன். வாள்காரருக்கு அருவா மீசை. கோல்காரருக்குப் பென்சில் மீசை. காசுக்காரருக்கு முதலாளி மீசை. கோப்பைக்காரருக்கு மட்டும் என் கலைவாழ்வின் உச்சமாக, நுனியில் எலுமிச்சம்பழம் நிற்கிற மாதிரி முறுக்கு மீசை. அதைப் பார்த்து மேஜை மேல் இருந்த ஈயே ஒரு நிமிடம் மரியாதையாக நின்றது. இப்படி ஒரு திருத்தத்தைத் தனியாக ரசிப்பது பாவம் என்று பட்டதால், வெளியே கொண்டுபோகக் கூடாத அந்த நாலு அசலையும் அந்த இங்கிலீஷ் விளக்கத்தோடு அட்டைக்குள் வைத்து, பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை உங்களுக்குக் காட்டுவதற்காக வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

இதிலிருந்து உனக்குத் தெரியும். லுஹர் தொழுதுவிட்டு வந்து பாய் மேல் நாலையும் வரிசையாக வைத்தேன். நீ குனிந்து பார்த்தாய். பாராட்டுக்காகக் காத்திருந்தேன்.

"அத்தா, என்னத்தா செஞ்சு வச்சிருக்கீக? இவங்க பொம்பளைங்கத்தா."

"குதிர மேல உக்காந்திருக்கே புள்ள."

"அதுக்கு?"

நீ அந்த இங்கிலீஷ் விளக்கத்தை எடுத்துப் படித்தாய். அரண்மனையில் எட்டுப் பேர் ஆண், எட்டுப் பேர் பெண் இருக்கவேண்டும் என்பதற்காகவே குதிரைகளைப் பெண்களுக்குக் கொடுத்திருக்கிறேன் என்று அந்த அம்மா எழுதியிருந்ததை வரிவரியாகத் தமிழில் சொன்னாய். என் வேர்வை தரையில் சொட்டியது. அடுப்படியிலிருந்து வந்த உன் அம்மா நாலையும் பார்த்தாள். "நாலு பேரும் ஒங்க அத்தா வம்சம் மாதிரியே இருக்கானுகளே" என்றாள். நான் சிரிக்கவில்லை என்பதைப் பார்த்த பிறகுதான் விஷயம் பெரிது என்று அவளுக்குப் புரிந்தது.

நீ என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் பதிலுக்குக் கத்திவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன். ஜன்னல் பக்கம் பலகையைப் போட்டுக்கொண்டு, பஞ்சையும் என் பிரஷையும் எடுத்துக்கொண்டு, "நீங்க வெளிய போங்கத்தா, நீங்க மூச்சு விட்டாலே எனக்குக் கை நடுங்குது" என்றாய். நான் கதவுக்கு வெளியே உட்கார்ந்தேன். ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை எட்டிப் பார்த்தேன். பஞ்சில் எச்சிலைத் தொட்டு, ஒரு தடவைக்கு ஒரு மயிர் கனம், ஒற்றி ஒற்றி எடுத்தாய். வாள்காரி வந்தாள். கோல்காரி வந்தாள். காசுக்காரி வந்தாள். என் மீசைக்கு அடியிலிருந்து ஒவ்வொருத்தியாக மூச்சு வாங்கி வெளியே வந்த மாதிரி இருந்தது. கோப்பைக்காரி மட்டும் வரவில்லை. என் கலைவாழ்வின் உச்சத்தில் மை அதிகம். மீசையோடு சேர்ந்து அவள் உதடும் போய்விட்டது. நீ ரொம்ப நேரம் அந்த வாயில்லாத முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாய். பிறகு அடுப்படிப் பக்கம் திரும்பி உன் அம்மாவைப் பார்த்தாய். அவள் அங்கே யாரையோ மனசுக்குள் கேலி செய்துகொண்டு கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். பெரும்பாலும் என்னைத்தான். நீ பிரஷைத் தொட்டாய்.

சாயங்காலம் மஃரிப் பாங்குக்குக் கொஞ்சம் முன்னால் என்னைக் கூப்பிட்டாய். குதிரை மேல் கோப்பையோடு உட்கார்ந்திருந்தவளுக்கு வாய் வந்திருந்தது. இடது ஓரம் மட்டும் ஒரு நூல் மேலே ஏறி, அடுத்த நொடி என்னை ஏதோ சொல்லப்போகிற வாய். அது யார் வாய் என்று தெரிய எனக்கு ஒரு நொடிகூட ஆகவில்லை. இருபத்து நாலு வருசமாக அந்த வாயிடம் தோற்றுக்கொண்டிருப்பவன் நான். "அம்மா எங்கயுமே போனதில்லத்தா. அவங்க வாயாச்சும் ஊரு ஊராப் போகட்டும்" என்றாய். அவ்வளவுதான் சொன்னாய். அப்போதே எனக்குத் தெரிந்திருக்கவேண்டும், நீ அம்மாவைப் பற்றி மட்டும் சொல்லவில்லை என்று.

இனி உனக்குத் தெரியாத பாதி.

சாம்பிள் அடித்த அன்று, ஆர்டர் பிடித்துக் கொடுத்த ஏஜெண்டு அம்மா சென்னையிலிருந்து வந்தார். பருத்திச் சேலை, காதில் ஒன்றும் இல்லை, கையில் லென்ஸ். அசலையும் சாம்பிளையும் பக்கத்தில் வைத்து எழுபத்தெட்டையும் பார்த்தார். கோப்பைக்காரியிடம் வந்ததும் லென்ஸ் நின்றுவிட்டது.

"இந்த வாய் ஓவியர் போட்டது இல்லையே. யார் போட்டது?"

முதலாளி என்னைப் பார்த்தார். ஜெமீலா, அந்த இடத்தில் உன் பேரைச் சொல்ல ஒரு மூச்சு போதும். ஆனால் உன் பேரைச் சொன்னால் மீசையைச் சொல்லவேண்டும். மீசையைச் சொன்னால் கழுகுக் கண் போய்விடும். "ஒரு சொட்டுத் தண்ணி பட்டுருச்சும்மா. நான்தான் சரிபண்ணேன்" என்றேன்.

"தப்பா கேக்கலை. அசலைவிட நல்லா இருக்கு. நான் அனுப்பி வச்சப்போ இருந்தது பொம்மை வாய். இது பேசுது" என்றார் அந்த அம்மா. முதலாளி என் முதுகில் தட்டினார். அதோடு போயிருந்தால் பரவாயில்லை. அந்த அம்மா தொடர்ந்து, "சென்னையில பிள்ளைகளுக்குப் படப்புத்தகம் போட ஒரு ஸ்டூடியோ தொடங்குறோம். இந்தக் கை எங்களுக்கு வேணும். நீங்க வர்றீங்களா? இல்லை, உங்ககிட்ட இந்த மாதிரி வரையுற யாராவது இருந்தாலும் அனுப்புங்க. பொண்ணுங்கன்னா தங்க ஹாஸ்டல் ஏற்பாடு இருக்கு" என்றார்.

பொண்ணுங்கன்னா என்றே சொன்னார். நான் எதையும் சேர்க்கவில்லை, குறைக்கவில்லை. அவர் கையெழுத்தில் முகவரி எழுதிக் கொடுத்த சீட்டை வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "எனக்கு வயசாகிப்போச்சும்மா. வேற யாரும் இல்லை" என்றேன். வீட்டுக்கு வந்து உன்னிடம் சொல்லவில்லை. உன் அம்மாவிடமும் சொல்லவில்லை.

அதன் பிறகு நடந்தது உனக்குத் தெரியும். அந்த ஓவிய அம்மா சந்தோஷப்பட்டு, கட்டோடு போகிற சின்னப் புத்தகத்தில், கோப்பைக் குதிரைக்காரியின் முகத்துக்கு உதவிய கை என்று ஒரு வரி போடச் சொன்னார். அதில் என் பேர் வந்தது. அந்தப் புத்தகத்தைப் பள்ளிவாசல் வாசலில் காட்டினேன், பஸ்ஸில் காட்டினேன், பல் பிடுங்கப் போன இடத்தில் வாயைத் திறந்து வைத்துக்கொண்டே டாக்டரிடம் காட்டினேன். வீட்டில் உன்னிடம் நீட்டினேன். நீ அந்த வரியைச் சத்தமாக வாசித்தாய். "பேரு நல்லா வந்திருக்குத்தா. ஸ்பெல்லிங்கும் சரியா இருக்கு" என்று சொல்லிவிட்டு, தண்ணீர் பிடிக்கப் போனாய். ஒரு மாதம் கழித்துப் பினாங்கிலிருந்து சம்பந்தம் வந்தபோது, பையன் போட்டோவை இரண்டாவது தடவைகூடப் பார்க்காமல் "சரித்தா" என்றாய். மாப்பிள்ளை தங்கமானவர், அது என் அதிர்ஷ்டம், என் புத்திசாலித்தனம் இல்லை.

ஏன் சொல்லவில்லை என்று இந்த நாலு வருசத்தில் எனக்கு நானே ஆயிரம் காரணம் சொல்லிப் பார்த்துவிட்டேன். தனியாகப் பெண் பிள்ளை, பெரிய ஊர், ஜமாத்தில் என்ன பேசுவார்கள். எல்லாமே நன்றாக இஸ்திரி போட்ட காரணங்கள். இஸ்திரி போடாத காரணம் இரண்டு. ஒன்று, ஒரு வீட்டில் நல்ல கை ஒன்றுதான் இருக்கலாம், அது என்னுடையதாக இருக்கவேண்டும் என்று நினைத்தேன். இன்னொன்று, நீ சென்னைக்குப் போய்விட்டால் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அந்த ஜன்னல் பக்கம் யார் இருப்பார்கள் என்று பயந்தேன். ராத்திரி ரயில் ஏறினால் விடிகாலையில் இறங்கிப் பார்த்துவிடக்கூடிய தூரத்துக்கு உன்னை அனுப்பப் பயந்த மகாபுத்திசாலி, பாஸ்போர்ட் இல்லாமல் எட்டிக்கூடப் பார்க்க முடியாத தூரத்துக்கு அனுப்பிவைத்தேன். இப்போது எல்லா ஞாயிறும் அந்த ஜன்னல் காலியாகத்தான் இருக்கிறது. வெயில் மட்டும் வந்து நீ உட்கார்ந்த அளவுக்கு உட்கார்ந்துவிட்டு, நீ எழுந்திருக்கிற நேரத்துக்கு எழுந்து போகிறது. நான் கதவுக்கு வெளியே உட்கார்ந்து எட்டிப் பார்க்கிறேன். பழக்கம்.

திங்கட்கிழமை முதலாளி அறைக்குள் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றினார். "அப்ப பாய், காசுக்காரிக்கு நீங்க வச்சது என் மீசையா?" என்றுதான் முதலில் கேட்டார். பிறகு கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, "நாலு வருசம் ஒரு புள்ள சும்மா இருந்திருக்கு" என்றார். அதற்கு நான் நின்றுகொண்டே அழுதேன் என்று எழுதினால் மிகைப்படுத்துகிறேன் என்பாய், அதனால் எழுதவில்லை. சென்னை அம்மாவுக்குப் போன் போட்டேன். அவர் கோபப்பட்டார். நியாயமான கோபம். "இப்போ வேலை இருக்குன்னு வாக்குக் குடுக்க மாட்டேன். வரைஞ்சா பார்க்குறேன், கூரியர்ல வந்தாலும் பார்க்குறேன். ஆனா நீங்க அனுப்பாதீங்க. அவங்களே அனுப்பட்டும்" என்றார். முகவரிச் சீட்டை இத்துடன் வைத்திருக்கிறேன். நாலு வருசம் லேட்டாக.

வீட்டில் உன் அம்மாவிடமும் சொன்னேன். பெருமையை ஊர் முழுக்கச் சொன்னவன் இதையும் ஊர் முழுக்கச் சொல்லவேண்டும் என்று, இந்தக் கடிதத்தின் நகலைக் கம்பெனி நோட்டீஸ் போர்டில் ஒட்டப்போவதாகவும் சொன்னேன். அவள் முழுசாகக் கேட்டுவிட்டு, "என் வாயத் தேசம் தேசமா அனுப்பினீக, எங்கிட்ட ஒரு வாய் வார்த்தை சொல்லத் தோணலையாக்கும்" என்றாள். அதற்குப் பிறகு இரண்டு நாள் அந்த வாய் என்னிடம் திறக்கவில்லை. மூன்றாம் நாள், உனக்கு நல்ல பிரஷ் வாங்கி அனுப்பட்டுமா என்று நான் கேட்டதும்தான் திறந்தது. "அத அவளே வாங்கிக்கிருவா. நீங்க வாங்கிக் குடுத்து அதுக்கும் பேரு எடுக்காதீக." அதனால் பிரஷ் அனுப்பவில்லை. முறுக்கு மட்டும் வருகிறது.

உனக்குப் புத்தி சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை, இருந்தாலும் அத்தா என்கிற உத்தியோகத்தில் இருப்பதால் ஒன்றே ஒன்று. உன் மகள் யானைக்கு ஐந்து கால் போட்டிருந்தாலும் துடைக்காதே. அது எங்கே போவதற்கு என்று கேள். மாப்பிள்ளைக்கும் இதைப் படித்துக் காட்டு. ஒளித்துவைத்துப் படிக்கிற கடிதமாக இது இருக்கவேண்டாம். என் மேல் கோபம் வந்தால் வரட்டும், போனில் கத்து, கத்தாமல் போனை வைத்துவிட்டாலும் மறுபடி நானே போடுவேன். இந்தப் பெருநாளுக்கு வருவாயா என்றும் இதிலேயே கேட்க நினைத்தேன். கேட்கிற உரிமை எனக்கு எம்புட்டு மிச்சம் இருக்கிறது என்று தெரியவில்லை. உன் அம்மா கேட்கச் சொன்னாள் என்று வைத்துக்கொள்.

இப்போது ஒரு வேலை விஷயம். அந்தச் சின்னப் புத்தகத்தின் பிலிம் லைட் டேபிள் மேல் என் முன்னால் இருக்கிறது. காலையில் பிளேடை எடுத்து என் பேரைச் சுரண்டிவிட்டேன். அந்த இடத்தில் இப்போது எழுத்து இல்லை, அடியிலிருந்து வெளிச்சம் மட்டும் வருகிறது. "இந்த ஓட்டையோடயே அச்சுப் பிளேட்டு போட்ரவா பாய்?" என்று செல்லையா வந்து கேட்டான். "போட்டா கைய ஒடிச்சுப்புடுவேன்லே, என் மக எழுதி அனுப்புவா" என்றேன். மிஷினில் ஏற இன்னும் ஒரு மாதம் இருக்கிறது. என் இனிஷியலோடு வேண்டுமா, மாப்பிள்ளை இனிஷியலோடு வேண்டுமா, யாருடையதும் இல்லாமல் உன் பேர் மட்டும் வேண்டுமா, இங்கிலீஷிலா தமிழிலா, எல்லாம் உன் இஷ்டம். ஒரு வெள்ளைத் தாளில் உன் கையாலேயே கறுப்பு மையில் எழுதி அனுப்பு. உன் எழுத்தையே அப்படியே படம் பிடித்து அந்த இடத்தில் ஒட்டுகிறேன். கோணலாக இருந்தாலும் சரி, வரியை விட்டு மேலே ஏறினாலும் சரி, அது என் மேஜைக்கு வரும்போது, இருபத்தெட்டோடு நாலு சேர்த்து முப்பத்திரண்டு வருசத்தில் முதல் தடவையாக, நான் எதையும் திருத்த மாட்டேன்.

உன் எழுத்துக்காகத் தபால்காரரை வழிமறித்துக்கொண்டிருக்கும்,
உன் அத்தா